சூரியனுக்கும் தினம் ஒரு வரி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் நெல்லைப் பதிப்பில் தினமும் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டம் வருகிறது. அதன் பக்கத்திலேயே சூரிய உதயம், அஸ்தமனம், ராகு காலம், எமகண்டம். அந்தப் பெட்டியில் இன்னும் ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். 'சூரியப் புள்ளி எண் இவ்வளவு' என்று ஒரு வரி. சூரியனின் முகத்தில் தெரியும் கரும்புள்ளிகளின் கணக்கு அது. அதற்கு அரை அங்குல இடம்கூடத் தேவைப்படாது. ஆனால் ஏன் கேட்கிறேன் என்பதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இடம் வேண்டும்.

நான் பாளையங்கோட்டையில் வசிக்கிறேன். தந்தித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வானம் தெளிவாக இருக்கும் நாட்களில் காலை ஏழரை மணிக்கு மேல் மொட்டை மாடிக்குப் போய், ஒரு சிறிய தொலைநோக்கியால் சூரியனின் பிம்பத்தைத் தாளில் விழவைத்து, அதிலுள்ள புள்ளிகளைப் பென்சிலால் வரைந்து வைக்கிறேன். எந்த நிறுவனத்துக்காகவும் இதைச் செய்யவில்லை. பிடித்திருக்கிறது, செய்கிறேன்.

2025 நவம்பரில் சூரிய வெடிப்பு பற்றித் தங்கள் இதழில் வந்த செய்தியைப் படித்தபோதுதான் இப்படி எழுத வேண்டும் என்று தோன்றியது. சூரியப் புயல் பூமியை நோக்கிப் பாய்கிறது, செல்போனும் இணையமும் முடங்கலாம் என்ற தொனியில் பெரிய தலைப்பு. கூடவே யாரோ வரைந்த, தீப்பிடித்து எரியும் பூமியின் படம். பக்கத்து வீட்டு அம்மா அன்று ராத்திரி என்னிடம் வந்து, "துபாயில் இருக்கிற பையனிடம் நாளைக்குப் பேச முடியாதாமே, இப்பவே பேசிரட்டுமா?" என்று கேட்டார். அவருக்கு அந்தப் பயத்தைக் கொடுத்தது அந்தச் செய்தி. சூரியனில் உண்மையாக என்ன நடந்தது என்பதை அது அவருக்குச் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். சூரியனின் வடபாதியில் 4274 என்று எண்ணிடப்பட்ட புள்ளிக் கூட்டம் ஒன்று இருந்தது. நவம்பர் 11 அன்று நம் நேரப்படி பிற்பகல் 3.34 மணிக்கு அதில் ஒரு வெடிப்பு உச்சத்தைத் தொட்டது. அளவு எக்ஸ் 5.1. அந்த ஆண்டின் பெரிய வெடிப்பு அதுதான். வெடிப்புகளை அவற்றின் எக்ஸ் கதிர் வலிமையை வைத்து ஏ, பி, சி, எம், எக்ஸ் என்று பிரிக்கிறார்கள். ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்கு வித்தியாசம். அந்தக் கதிர்கள் ஒளியின் வேகத்தில் எட்டு நிமிடம் சொச்சத்தில் பூமிக்கு வந்துவிடும். வந்ததும் சூரியனைப் பார்த்திருக்கும் பாதியில் சிற்றலை வானொலித் தொடர்பைக் கெடுக்கும். அந்த நேரத்தில் வெயில் பட்ட நாடுகளில் நம் நாடும் ஒன்று.

வெடிப்போடு சில சமயம் காந்தப்புலம் சுமந்த, மின்னூட்டம் பெற்ற வாயு (பிளாஸ்மா) மேகம் ஒன்றும் கிளம்பும். அது வந்து சேர ஒரு நாளிலிருந்து மூன்று நாள் வரை ஆகும். பூமியின் காந்தப்புலத்தை உலுக்குவது அதுதான். வெடிப்பு வேறு, மேகம் வேறு. முன்னது நடந்ததே அதன் கதிர் இங்கே வந்து சேர்ந்த பிறகுதான் நமக்குத் தெரியும், பின்னதற்கு முன்னெச்சரிக்கை கொடுக்க நேரம் உண்டு. தங்கள் செய்தியில் இரண்டும் ஒன்றாகவே கலந்து கிடந்தன. எந்தப் புள்ளிக் கூட்டம், இந்திய நேரம் எத்தனை மணி, அப்போது நம் வானில் சூரியன் இருந்ததா என்ற மூன்று விவரமும் இல்லை. இந்த மூன்றும் இருந்தால் படிக்கிறவர் அடுத்த நாள் காலையில் அந்தக் கூட்டத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியும்.

அன்று இரவு, முந்தைய நாட்களில் கிளம்பிய மேகங்களால், உண்மையிலேயே பலத்த காந்தப் புயல் அடித்தது. ஐந்து படி அளவில் நான்காவது படி. அமெரிக்காவில் தெற்கே ஃபுளோரிடா வரை துருவ ஒளி தெரிந்தது. நாம் காந்த நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் இங்கே அப்படி ஒன்றும் தெரியாது. கிருஷ்ணாபுரத்துக் கோயில் சிற்பங்களைப் பார்க்கப் போகாத நெல்லைக்காரர் இருக்க மாட்டார். அதே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் ஒன்று இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? காந்த நிலநடுக்கோடு பக்கத்தில் ஓடுவதால்தான் அதை நம் ஊரில் வைத்தார்கள். பகல் நேரத்தில் நம் தலைக்கு மேலே சுமார் 100 கி.மீ. உயரத்தில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் பாய்கிறது. பெரிய சூரிய வெடிப்பு நடந்தால் அந்த ஓட்டம் சட்டென்று மாறி, கீழே உள்ள காந்தமானி வரை தெரியும். சூரியப் புயல் செய்தியில் நம் ஊருக்கு என்ன பங்கு என்று தேடினால், இப்படிக் கண் முன்னாலேயே இருக்கிறது. எரிகிற பூமிப் படத்துக்குப் பதில் இதைப் போட்டிருக்கலாம்.

சூரிய வெடிப்பை முதன்முதலில் பார்த்தவர் கதையும் நான் செய்கிற வேலையோடு நெருங்கியது. 1859 செப்டம்பர் 1, இங்கிலாந்தில் ரெட்ஹில் என்ற ஊரில் ரிச்சர்ட் கேரிங்டன் தன் சொந்த ஆய்வகத்தில் உட்கார்ந்து, சூரியனின் பிம்பத்தைத் திரையில் விழவைத்து, ஒரு பெரிய புள்ளிக் கூட்டத்தை வரைந்துகொண்டிருந்தார். மதுவடிப்பாலைக் குடும்பத்தில் பிறந்து சொந்தக் காசில் வானம் பார்த்த மனிதர். காலை 11.18க்கு அந்தக் கூட்டத்தின் மேல் இரண்டு இடங்களில் கண் கூசும் வெள்ளை ஒளி எழுந்தது. சாட்சிக்கு யாரையாவது கூப்பிட ஓடினார். ஒரு நிமிடத்துக்குள் திரும்பி வந்தபோது ஒளி மங்கத் தொடங்கியிருந்தது. ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. நல்லவேளையாக லண்டன் அருகே ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்ற இன்னொரு பொழுதுபோக்கு வானியலாளரும் அதையே பார்த்திருந்தார்.

பதினேழரை மணி நேரம் கழித்துப் பூமியைக் காந்தப் புயல் தாக்கியது. அமெரிக்காவில் பாஸ்டனுக்கும் போர்ட்லாந்துக்கும் இடையே தந்தி ஊழியர்கள் பேட்டரியைக் கழற்றிவிட்டு, கம்பியில் தானாக ஓடிய மின்சாரத்திலேயே சுமார் இரண்டு மணி நேரம் செய்தி அனுப்பினார்கள். பம்பாய் கொலாபா ஆய்வகத்தின் காந்தமானியிலும் அந்தப் புயல் பதிவாகியிருக்கிறது. அந்தப் பதிவை இன்றைக்கும் விஞ்ஞானிகள் எடுத்துப் பார்க்கிறார்கள். மோர்ஸ் சாவியில் விரல் வைத்து வேலை பார்த்தவள் நான். இணைப்பில் பேட்டரியே இல்லாமல் எதிர்முனை பதில் பேசியது என்று படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. சூரியன் பக்கம் நான் திரும்பியது அந்தத் தந்திக்காரர்களால்தான்.

தமிழ்நாட்டுக்கும் சூரியப் புள்ளிக்கும் உள்ள உறவு அதைவிட ஆழமானது, துக்கமானதும்கூட. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தை அழித்தது. நம் பக்கத்துப் பாட்டிமார் கதைகளில் அதன் நினைவு போன தலைமுறை வரைக்கும் இருந்தது. சூரியப் புள்ளிகள் கூடுவதும் குறைவதும் மழையோடு சம்பந்தப்பட்டவையா என்ற கேள்வி அப்போது பலமாக எழுந்தது. பஞ்சத்தை ஆராய்ந்த குழு சூரியனைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்று பரிந்துரை செய்தது. பழைய சென்னை வானாய்வகத்தின் பணி மலைக்குப் போய், 1899-ல் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் உருவாக அதுவும் ஒரு காரணம். புள்ளியைப் பார்த்து மழையைச் சொல்லும் கணக்கு எதுவும் கைகூடவில்லை. ஆனால் பசியில் மாண்டவர்களின் பெயரால் தொடங்கிய அந்தப் பார்வை நிற்கவில்லை. 1904-லிருந்து அங்கே தொலைநோக்கியால் சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள். 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் அங்கிருந்துதான் ஒரு புள்ளியின் நடுவிலிருந்து வெளிப்புறமாக வாயு ஓடுவதைக் கண்டுபிடித்தார். உலகெங்கும் அது அவர் பெயரால் வழங்குகிறது. உலகில் இவ்வளவு நீண்ட, ஒரே சீரான சூரியப் படத்தொகுப்பு வைத்திருக்கும் இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கோக்கர்ஸ் வாக்கில் நின்று செல்ஃபி எடுக்கிற கூட்டத்தில் பாதிப் பேராவது ஆய்வகம் வரை போய்ப் பார்க்க வேண்டும்.

சரி, அந்த எண்ணுக்கு வருகிறேன்.

ஜெர்மனியில் டெசாவ் என்ற ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த சாமுவேல் ஹைன்ரிஷ் ஷ்வாபே என்பவர் 1826-லிருந்து தினமும் சூரியப் புள்ளிகளைப் பார்த்துக் குறித்தார். புதனுக்கும் உள்ளே ஒரு கிரகம் இருக்கலாம், அது சூரியன் குறுக்கே போகும்போது பிடித்துவிடலாம் என்பது அவர் எண்ணம். கிரகம் கிடைக்கவில்லை. ஆனால் புள்ளிகள் சுமார் பத்து ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைவது அவர் கண்ணில் பட்டது. பிறகு சுவிட்சர்லாந்தில் ரூடால்ஃப் வோல்ஃப் அதற்கு ஓர் எளிய கணக்கு வகுத்தார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் 10, ஒவ்வொரு புள்ளிக்கும் 1. இன்று நான்கு கூட்டம், அவற்றில் மொத்தம் 23 புள்ளி என்றால் எண் 63. அவரவர் கருவிக்கும் கண்ணுக்கும் தகுந்தபடி ஒரு திருத்தக் காரணியால் பெருக்கிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. ஆறாம் வகுப்புப் பிள்ளை செய்யலாம்.

இன்றைக்கு பெல்ஜியத்தின் ராயல் ஆய்வகம் பிரஸ்ஸல்ஸில் இருந்து இந்த எண்ணைத் தினமும் கணித்து வெளியிடுகிறது. உலகம் முழுவதிலிருந்தும் பார்வையாளர்கள் அனுப்பும் கணக்கைச் சேர்த்துத்தான் அது தயாராகிறது. அதில் பெரும்பாலோர் இதற்காகச் சம்பளம் வாங்காதவர்கள். கோடிக்கணக்கில் செலவு செய்து விண்கலம் அனுப்புகிற காலத்திலும் மொட்டை மாடி ஆட்களின் எண் எதற்கு என்று கேட்கலாம். நானூறு வருஷத்துக் கணக்கை ஒரே தொடராக வைத்திருக்க, அதே மாதிரிச் சிறிய கருவி, அதே மாதிரிக் கண், அதே மாதிரிக் கை தொடர்ந்து தேவைப்படுகிறது. டோக்கியோவில் ஹிசாகோ கொயாமா என்ற பெண்மணி நாற்பது வருஷத்துக்கும் மேலாக ஒரே தொலைநோக்கியில் சூரியனைப் பார்த்து வரைந்தார். பழைய கணக்குகளைச் சரிபார்த்து ஒட்டும்போது அவருடைய படங்கள் முதுகெலும்பாக நின்றன. அவர் விஞ்ஞானப் பட்டம் பெற்று இந்த வேலைக்கு வந்தவர் அல்ல. ஆர்வலராகப் படம் வரைந்து அனுப்பத் தொடங்கியவர். நான் தினமும் நினைத்துக்கொள்ளும் பெயர் அவருடையது.

புள்ளிகள் ஒருமுறை பெருகிக் குறைவதை ஒரு சுழற்சி என்கிறார்கள். இப்போது நடக்கும் 25-வது சுழற்சி 2019 டிசம்பரில் தொடங்கியது. அந்த வருஷக் கடைசியில் வாரக்கணக்கில் ஒரு புள்ளிகூட இல்லாமல் வெறும் வட்டமாகவே தாளில் விழுந்தது. இந்தச் சுழற்சி பலவீனமாக இருக்கும், உச்ச எண் 115 அளவில் நிற்கும் என்று நிபுணர் குழு கணித்தது. ஆனால் 2024 அக்டோபரில் சராசரி எண் 160.9 வரை ஏறியது. முந்தைய சுழற்சியின் உச்சம் 2014 ஏப்ரலில் 116.4 மட்டுமே. கணிப்பை சூரியன் தாண்டிப் போனதை மாதா மாதம் தங்கள் பத்திரிகையிலேயே வாசகர்கள் பார்த்திருக்கலாம். அந்த ஒரு வரி இருந்திருந்தால்!

2024 மே மாதத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அக்னி நட்சத்திரம் தொடங்கியிருந்த நேரம், பள்ளிக்கு விடுமுறை. தெருப் பிள்ளைகள் காலையிலேயே மாடிக்கு வந்துவிடுவார்கள். 3664 என்ற கூட்டம் தென்பாதியில் கிழக்கு விளிம்பிலிருந்து உள்ளே வந்தது. முதலில் ஒன்றும் விசேஷமாக இல்லை. அப்புறம் நாளுக்கு நாள் நீண்டது. நான் வரையும் வட்டத்துக்கு விட்டம் 15 செ.மீ. சூரியனின் விட்டத்தில் 109 பூமிகளை வரிசையாக வைக்கலாம் என்பதால், அந்த அளவில் பூமி 1.4 மி.மீ. வரும். பென்சில் முனையை அழுத்தி வைத்தால் அவ்வளவுதான். 3664 அந்தத் தாளில் கிட்டத்தட்ட 2 செ.மீ. நீளத்துக்குப் போய்விட்டது. ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை பூமியை வட்டத்துக்கு வெளியே ஓரமாக வரைந்து, ஸ்கேலை வைத்து அளந்து, "ஆச்சி, இதுக்குள்ள பதினஞ்சு பூமி வரிசையா நிக்கும்!" என்று கத்தினாள். அந்தக் கூட்டத்தைப் பார்க்கத் தொலைநோக்கியே தேவைப்படவில்லை. கிரகணக் கண்ணாடி இருந்தவர்கள் அதன் வழியாகவே பார்த்தார்கள்.

மே 10 நண்பகல் 12.24க்கு எக்ஸ் 3.9. மே 11 காலை 6.53க்கு எக்ஸ் 5.8. நம் ஊரில் சூரியன் உதித்து ஒரு மணி நேரம்கூட ஆகாத பொழுது அது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட இரவில்தான் 2003 அக்டோபருக்குப் பிறகு முதன்முறையாக ஐந்தாம் படிக் காந்தப் புயல் வந்தது. லடாக்கின் ஹான்லேயில் இருக்கும் வானாய்வகக் கேமராக்களில் சிவப்பு ஒளி பதிவானது. மே 14 அன்று மேற்கு விளிம்பை நெருங்கிய பிறகு எக்ஸ் 8.7. அது நமக்கு இரவு 10.21, சூரியன் நம் பக்கம் இல்லை. அப்புறம் கூட்டம் மறைந்துவிட்டது. பிள்ளைகள் போய்விட்டதே என்று வருத்தப்பட்டார்கள். இரண்டு வாரம் பொறுங்கள், வரும் என்றேன். சூரியன் தன்னைச் சுற்றிக்கொண்டு அதே முகத்தை நமக்குக் காட்ட ஏறக்குறைய 27 நாள் ஆகிறது. மே கடைசியில் அது மெலிந்து, 3697 என்ற புது எண்ணோடு திரும்பி வந்தது. பின்பக்கம் இருந்தபோதும் சும்மா இருக்கவில்லை. மே 20 அன்று எக்ஸ் 12 என்று மதிப்பிடப்பட்ட வெடிப்பு செவ்வாய் இருந்த பக்கமாக நடந்ததை ஐரோப்பிய விண்கலம் பதிவு செய்தது. அங்கே ஊர்ந்துகொண்டிருந்த கியூரியாசிட்டி வண்டியின் கேமராப் படங்களில் துகள்கள் பட்டு வெள்ளைக் கீறல்கள் விழுந்தன. இத்தனையும் ஒரே கூட்டத்தின் ஆயுள் கதை. தினம் ஒரு வரியாக ஒரு மாதம் ஓட்டியிருந்தால் வாசகர்கள் காலையில் அணை நீர்மட்டத்துக்கு முன்னால் இதைத் தேடியிருப்பார்கள்.

என் தொலைநோக்கி 60 மி.மீ. வில்லை கொண்டது. இந்தக் கருவியில் வெடிப்பு தெரியாது. கேரிங்டன் பார்த்தது போல வெண்மையில் தெரியும் வெடிப்பு மிக அபூர்வம். வழக்கமான வெடிப்பைப் பார்க்க ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியை மட்டும் விடும் விலை உயர்ந்த வடிகட்டி வேண்டும். எனக்குத் தெரிவது புள்ளிக் கூட்டத்தின் அமைப்பு: கருநிழல் (புள்ளியின் இருண்ட நடுப்பகுதி) எத்தனை, புறநிழல் (அதைச் சுற்றியுள்ள மங்கலான பகுதி) எப்படிப் பிரிந்திருக்கிறது, நேற்றைக்கு இன்று வளர்ந்திருக்கிறதா. ஒரே புறநிழலுக்குள் எதிரெதிர் காந்த முனைகள் நெருக்கியடித்துக் கிடக்கும் கூட்டம்தான் பெரிய வெடிப்புக்குப் பேர்போனது. காந்த முனைகள் என் தாளில் தெரியாவிட்டாலும், சிக்கலான கூட்டம் எது, சாதுவான ஒற்றைப் புள்ளி எது என்பது கொஞ்ச நாளில் கண்ணுக்குப் பிடிபட்டுவிடும்.

வெடிப்பை வேறு வழியில் பிடிக்கலாம். என் அண்ணன் பேரன் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படித்தவன். மரச்சட்டத்தில் செம்புக் கம்பியைப் பல சுற்றுச் சுற்றி, ஒரு சின்னப் பெருக்கியோடு பழைய கணினியின் ஒலி அட்டையில் இணைத்துக் கொடுத்தான். நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்பும் மிகக் குறைந்த அலைவரிசை நிலையங்கள் உலகில் சில உண்டு. நம் விஜயநாராயணத்தில் உள்ள கடற்படை நிலையம் அதில் ஒன்று. அதன் 18.2 கிலோஹெர்ட்ஸ் அலையைக் கவனித்துத்தான் கொல்கத்தாவில் உள்ள ஆய்வாளர்கள் சூரிய வெடிப்புகளைப் பதிவு செய்கிறார்கள். எனக்கு அது மிகப் பக்கம். அலை வானத்தில் பட்டுத் திரும்பாமல் தரையோடு நேராகவே வந்துவிடும், அதனால் உதவாது. எனவே இந்தியப் பெருங்கடலுக்கு அப்பால் ஆஸ்திரேலியாவின் நார்த் வெஸ்ட் கேப் நிலையத்தின் 19.8 கிலோஹெர்ட்ஸைப் பிடிக்கிறோம். 5,000 கி.மீ.க்கு மேல் தூரம். வெடிப்பின் எக்ஸ் கதிர், வானத்தில் மின்னூட்டம் பெற்ற காற்றடுக்கான அயனி மண்டலத்தின் அடி அடுக்கைச் சட்டென்று கெட்டிப்படுத்தும்போது, வந்துகொண்டிருக்கும் அலையின் பலம் நிமிடங்களில் எகிறி, அப்புறம் மெதுவாக இறங்கும். நவம்பர் 11 பிற்பகல் எங்கள் தெருவுக்கு மேல் ஐப்பசி மேகம் மூடிக் கிடந்தது. சூரியனே தெரியவில்லை. ஆனால் மூன்றரை மணிக்குக் கணினித் திரையில் கோடு செங்குத்தாக ஏறியது. ஒருவரிடமும் கேட்காமல், எந்தச் செய்தியும் வருவதற்கு முன்னால், வெடிப்பு நடந்துவிட்டது என்று எங்களுக்குத் தெரிந்தது. அந்த நிமிடத்தின் சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நம் மாவட்டத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் அது கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பாதுகாப்பு பற்றி ஒன்றைத் தங்கள் பத்திரிகை கண்டிப்பாக எழுத வேண்டும், எழுதும்போது பயமுறுத்தி நிறுத்திவிடாமல் வழியையும் சொல்ல வேண்டும். தொலைநோக்கி வழியாக, பைனாகுலர் வழியாக யாரும் சூரியனைக் கண்ணால் பார்க்கவே கூடாது. ஒரு விநாடி போதும், பார்வை போய்விடும். எக்ஸ்ரே ஃபிலிம், புகை பிடித்த கண்ணாடி, கறுப்புக் கூலிங் கிளாஸ் எதுவும் காப்பாற்றாது. மலிவான பழைய தொலைநோக்கிகள் சிலவற்றோடு, கண்ணருகு வில்லையில் திருகிப் பொருத்தும் கறுப்புக் கண்ணாடி ஒன்று வரும். குவிந்த வெயிலில் அது வெடித்துவிடும். அதை வீட்டில் வைத்திருக்கவே கூடாது. வடிகட்டி என்றால் தொலைநோக்கியின் முன்வாயில், சூரியனைப் பார்க்கவென்றே தயாரித்த தாளாக இருக்க வேண்டும்.

பிம்பத்தைத் தாளில் விழவைப்பது எல்லாவற்றிலும் எளிது. சின்ன வில்லைத் தொலைநோக்கியை முக்காலியில் வைத்து, அதன் நிழல் தரையில் மிகச் சிறியதாகும் வரை திருப்பினால் சூரியன் உள்ளே வந்துவிடும். குறி பார்க்கும் சின்னக் குழலை மூடிவிட வேண்டும். கண்ணருகு வில்லைக்குப் பின்னால் ஓர் அடி தள்ளிப் பரீட்சை அட்டையில் வெள்ளைத் தாளைச் செருகிப் பிடித்தால் போதும், சுற்றிலும் நிழலுக்கு ஓர் அட்டைப் பெட்டி. பத்துப் பேர் ஒன்றாகப் பார்க்கலாம், ஒருவர் கண்ணுக்கும் ஆபத்தில்லை. ஆனால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று, யாரும் குழாயில் கண் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தொலைநோக்கியை அசைக்காமல் விட்டால் பிம்பம் தானாக நகர்ந்து இரண்டு நிமிடத்தில் வட்டத்தைத் தாண்டிப் போகும். புள்ளி ஒன்று நகரும் பாதையைக் கோடு போட்டால் அதுதான் கிழக்கு மேற்கு. மோட்டார் வைத்த விலை உயர்ந்த கருவியில் இந்தப் பாடம் கிடைக்காது. பூமி சுழல்வதைப் பிள்ளைகள் பென்சில் நுனியில் பார்க்கிறார்கள்.

2019 டிசம்பர் 26 அன்று கங்கண கிரகணம் கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டை வழியாகப் போனபோது தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ஊர் ஊராகக் கண்ணாடியோடு போய் மக்களைப் பார்க்க வைத்தது. அதே நாளில் எங்கள் தெருவிலேயே பிள்ளைகளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திய வீடுகள் உண்டு. கிரகணம் என்றைக்கோ ஒரு நாள். புள்ளியோ பெரும்பாலான நாட்களில் இருக்கிறது. தினமும் பார்த்துப் பழகிய பிள்ளையைக் கிரகணத்தன்று யாரும் உள்ளே அடைக்க மாட்டார்கள். 2031 மே 21 அன்று இன்னொரு கங்கண கிரகணம் தமிழகத்தின் மேல் போகப் போகிறது. இன்று ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் அப்போது பள்ளிப் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருப்பார்கள்.

தங்கள் மாணவர் இணைப்பிதழில் இந்தப் பிம்ப முறையை ஒரு பக்கமாகப் போடலாம். ஞாயிற்றுக்கிழமை தோறும் கொடைக்கானலில் எடுத்த அந்த வாரத்துச் சூரியப் படம் ஒன்றை, கூட்டங்களின் எண்களோடு சின்னதாக வெளியிடலாம். நாம் அனுப்பிய ஆதித்யா எல்-1 விண்கலம் 2024 ஜனவரி 6-லிருந்து 15 லட்சம் கி.மீ. தூரத்தில் நின்று சூரியனைப் பார்க்கிறது. அந்தத் திட்டத்தை வழிநடத்திய நிகர் ஷாஜி நம் செங்கோட்டைக்காரர். விண்ணில் ஏவிய அன்று அவர் படத்தை முதல் பக்கத்தில் போட்டீர்கள், எங்கள் தெருவே பெருமைப்பட்டது. அந்த விண்கலம் இப்போது எதைப் பார்க்கிறது என்பதைத் தொடர்ந்து சொல்ல வேண்டிய கடமை தங்களுக்கு உண்டு.

எண்ணை எங்கே எடுப்பது என்றால், பிரஸ்ஸல்ஸ் மையம் இணையத்தில் தினமும் மதிப்பிட்ட எண்ணைப் போடுகிறது. ஒரே இடத்து எண்ணையே எப்போதும் எடுக்க வேண்டும். அமெரிக்க மையத்தின் எண் வேறாக இருக்கும், இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால் வாசகர்கள் குழம்புவார்கள். முந்தின நாள் எண், கூட்டம் எத்தனை, அதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் எம் அல்லது எக்ஸ் வெடிப்பு இருந்தால் இந்திய நேரத்தோடு அதன் அளவு. இந்த மூன்றும் ஒரு வரியில் அடங்கும். புள்ளியே இல்லாத நாளில் 'பூஜ்யம்' என்று போடுங்கள், வரியை எடுத்துவிட வேண்டாம். சுழற்சி இப்போது இறங்குமுகத்தில் இருக்கிறது, இன்னும் சில வருஷத்தில் அப்படிப்பட்ட நாட்கள் நிறைய வரும்.

மாணவர் இணைப்பிதழுக்குப் படம் வேண்டுமென்றால் 3664 கூட்டம் விளிம்பிலிருந்து விளிம்பு வரை நகர்ந்ததை வரைந்த என் தாள்களின் நகலை அனுப்பி வைக்கிறேன். தங்கள் நிருபர் யாராவது காலை எட்டு மணிக்குள் வர முடிந்தால், வானம் தெளிவாக இருக்கும் எந்த நாளும் எனக்குச் சம்மதம். வெயில் ஏறிய பிறகு மாடித் தளம் சுட்டு, காற்று அலைந்து, சின்னப் புள்ளிகள் கலங்கிவிடும். அதனால் சீக்கிரம் வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகி,
ஓய்வுபெற்ற தந்தி ஊழியர்,
பாளையங்கோட்டை.